மெட்டல் ஆம்பின் பின்பக்கம்

வாருங்கள், முன்வரிசையை விட்டுவிட்டு மேடையின் பின்பக்கம் போவோம்! வண்ண விளக்கெல்லாம் முன்னால் எரியட்டும். நாம் பார்க்க வந்தது கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் என்ற இந்தக் கறுப்புப் பெட்டியின் முதுகை. அதோ, ஆரஞ்சு நிறத்தில் கனன்றுகொண்டிருக்கின்றனவே, அவைதான் வால்வுகள். தாத்தா காலத்து வால்வு ரேடியோவின் வம்சம். சிக்னலை மிக அதிகமாகப் பெருக்கும் ஹை-கெயின் ஆம்ப் என்றால் தலைமுடியைச் சுழற்றும் மெட்டல் குழுக்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்த ரகம் பிறந்த கதையில் மெட்டலே கிடையாது!

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்தால் மில் வேலி என்ற சிற்றூர். 1960களின் கடைசியில் அங்கே ப்ரூன் மியூசிக் என்றொரு கடை. ராண்டல் ஸ்மித் என்ற இளைஞர் அங்கே ஆம்ப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கன்ட்ரி ஜோ அண்ட் தி ஃபிஷ் குழுவின் பாரி மெல்டன் வைத்திருந்த ஃபெண்டர் பிரின்ஸ்டன் ஒன்று அவர் கைக்கு வந்தது. வீட்டில் பழகுவதற்கான சின்ன ஆம்ப். சுமார் 12 வாட். ஸ்மித்துக்கு ஒரு குறும்பு தோன்றியது. இருந்ததை உருவிவிட்டு, ஃபெண்டர் பாஸ்மேன் என்ற பெரிய ஆம்பின் சுற்றையும் கனத்த டிரான்ஸ்ஃபார்மரையும் அந்தக் குட்டிப் பெட்டிக்குள் திணித்தார். 10 அங்குல ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 12 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரைப் பொருத்தினார். வெளியே பூனைக்குட்டி, உள்ளே புலி!

சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே? அன்று கடையில் இருந்தவர் கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானா! அவர் வாசிக்க ஆரம்பித்ததும் தெருவில் போனவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் வியந்து சொன்ன ‘பூகி’ என்ற சொல்தான் ஸ்மித்தின் ஆம்புகளுக்கு மெசா பூகி என்ற பெயரில் நிலைத்துவிட்டது.

இதுவரை சத்தம்தான் பெரிதாகியிருந்தது. கெயின் வந்தது அடுத்த கூத்தில். லீ மைக்கேல்ஸ் என்ற பாடகர், ஆர்கன் கலைஞர், தன்னுடைய பவர் ஆம்புகளுக்கு முன்னால் வைக்க ஒரு ப்ரீ-ஆம்ப் கேட்டார். அந்த ஆம்புகளுக்கு எவ்வளவு சிக்னல் தேவைப்படும் என்று ஸ்மித்துக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வால்வு நிலையைக் கூடுதலாகச் சேர்த்து, இடையிடையே மூன்று வால்யூம் குமிழ்களை வைத்துவிட்டார். அந்த ‘எதற்கும் இருக்கட்டும்’தான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது.

உள்ளே நடப்பது இதுதான். முதல் வால்வு சிக்னலைப் பெருக்கும். அடுத்தது அதை மேலும் பெருக்கும். ஓர் எல்லைக்குமேல் தாங்க முடியாமல் அலையின் உச்சியும் அடியும் வெட்டுப்படும். இதுதான் டிஸ்டார்ஷன். கம்பியின் அதிர்வு தேய்ந்துகொண்டே போனாலும், அது வெட்டுப்படும் அளவுக்கு மேல் இருக்கும்வரை காதில் விழும் சத்தம் கிட்டத்தட்டக் குறைவதே இல்லை. கார்வை! மீட்டும் வாத்தியத்துக்கு வயலின் வில் கிடைத்த மாதிரி. கடைசிக் குமிழைக் குறைத்தால் சின்ன அறையில்கூட அந்தக் கார்வை கிடைக்கும்.

1976இல் வந்த சந்தானாவின் ‘அமிகோஸ்’ இசைத்தட்டில் உள்ள ‘யூரோப்பா’வைக் கேளுங்கள், மெதுவான, உருக்கமான மெட்டு. அவருடைய மேடை ரகசியம் ஒன்றும் உண்டு. கச்சேரிக்கு முன் மேடையில் நடந்து பார்த்து, எங்கே நின்றால் எந்தச் சுரம் ஸ்பீக்கரோடு சேர்ந்து தானாக நீள்கிறது என்று கண்டுபிடித்து, தரையில் டேப் ஒட்டி வைப்பாராம்! மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினில் கமகம் வாசித்தபோது நாம் சொக்கிப்போனதும் இப்படி நீண்ட நாதத்தில்தான், டிஸ்டார்ஷன் இல்லாமலேயே.

மெட்டல் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஸ்மித்தின் மார்க் வரிசையில் வந்த டூ சி ப்ளஸ் ஆம்பை 1986இல் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ இசைத்தட்டில் மெட்டாலிக்கா குழு முழங்கவிட்டது. அதன்பின் இந்தப் பெட்டிக்கு மெட்டல் முத்திரை விழுந்துவிட்டது. அதை ஜாஸுக்கோ ப்ளூஸுக்கோ கொண்டுபோகிறவர்களை நான் கைதட்டி வரவேற்பேன்.

ஒரு சிக்கல் உண்டு. ஒற்றைச் சுரமாகப் போகும் மெட்டு கெயினில் பாடும். நான்கைந்து சுரங்கள் நெருங்கி நிற்கும் ஜாஸ் கார்டு கூழாகிவிடும். வெட்டுப்படும்போது சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து இல்லாத சுரங்களைக் கிளப்பிவிடுவதுதான் காரணம். தீர்வு சுலபம்: கெயினை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, கடைசிக் குமிழான மாஸ்டர் வால்யூமை ஏற்றுங்கள். கிட்டாரில் இருக்கும் வால்யூம் குமிழையும் பாதிக்குக் கீழே இறக்குங்கள். அரக்கன் என்று நினைத்தது தெளிந்த குரலில் பேசும்.

இன்னும் உள்ளே போகலாமா? ஆம்பை அணைத்து, வால்வு ஆறும்வரை பொறுங்கள். முன்வரிசையில் இருக்கும் சின்ன வால்வு பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7. அதன் பெருக்க எண் 100. அதே சாக்கெட்டில் 60 கொண்ட 12ஏடி7 உட்காரும். சுமார் 20 கொண்ட 12ஏயூ7கூட உட்காரும். ஒரு வால்வை மாற்றினாலே ஆம்பின் சுபாவம் மாறிவிடுகிறது! இதை நன்கு அறிந்தவர்கள் மவுத்தார்கன் கலைஞர்கள். லிட்டில் வால்டர் 1952இல் ‘ஜூக்’ என்ற மெட்டைப் பதிவுசெய்த காலத்திலிருந்து சிகாகோ ப்ளூஸில் மவுத்தார்கன் மைக்கை ஆம்பில் செருகுவது வழக்கம். கெயின் மிஞ்சினால் மைக் கூவிவிடும் என்பதால், பலர் வாங்கிய கையோடு முதல் வால்வைக் கழற்றிக் குறைந்த கெயின் வால்வைப் போட்டுவிடுகிறார்கள். கிட்டாரே இல்லாமல் ஒரு கிட்டார் ஆம்ப்!