முகம் இருக்கிறது, பெயர் எங்கே?

மன்னார் வளைகுடாவின் கரையிலே, அரிப்புக் கிராமத்துக்கு அண்மையில், இடிந்த மாளிகையொன்று கடலரிப்புக்குச் சிறிது சிறிதாக இரையாகி வருகிறது. அல்லிராணிக் கோட்டை என மக்கள் அழைக்கும் அது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துக்குளிப்பை மேற்பார்வையிட வரும்போது தங்குவதற்கென ஆளுநர் பிரெடரிக் நோர்த் எழுப்பியதாகும். மாளிகை கட்டியவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. கடலடிக்குச் சென்று சிப்பி அள்ளியவர்களின் பெயர்கள் தெரியவில்லை.

அவர்களது படங்கள் இல்லாமலில்லை. 1891க்குப் பின் தடைப்பட்டிருந்த சலாபம் 1903இல் மீண்டும் கூடியது. யாழ்ப்பாணம், கீழக்கரை, தூத்துக்குடி, அரபு நாடுகள் ஆகிய இடங்களிலிருந்து குளியாளிகள் வந்து குவிந்தனர். புகைப்படக் கருவிகளும் கூடவே வந்தன. 1912இல் அமெரிக்காவின் ‘நேஷனல் ஜியோகிரபிக்’ இதழ் இலங்கை முத்துக்குளிப்புப் பற்றிய கட்டுரையைப் படங்களுடன் வெளியிட்டது. அதற்கு முந்திய ஆண்டில், வேடர்களைப் பற்றிய செலிக்மன் தம்பதியரின் நூலும் படங்களோடு வெளிவந்தது. அக்காலப் படங்களில் மனிதர் பெரும்பாலும் ஓர் இனத்தின் அல்லது தொழிலின் மாதிரியாகவே நிற்கின்றனர். தனக்கென ஒரு பெயருள்ளவராக அல்ல.

படத்தில் அகப்படாதவையும் பல. குளியாளி கல்லின் பாரத்தோடு கடலடிக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் சேர்ப்பார். அவரது உயிர், படகில் கயிறு பிடித்திருப்பவரின் கையிலே. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ மந்திரம் ஓதாமல் பலர் கடலில் இறங்கவே மறுத்தனர். அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. ஒரு பங்கே அவர்களுக்கு. நீரோட்டத்தையும் பார்களையும் அறிந்த அந்த அறிவு, தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகவே வந்தது.

1925க்குப் பின் பெருஞ் சலாபம் கூடவில்லை. அந்த அறிவின் எச்சம் கரையோரக் குடும்பங்களின் நினைவில் மட்டுமே தங்கியது. அதனையும் காலம் விட்டுவைக்கவில்லை. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது முசலிப் பகுதிக் கிராமங்கள் வெறுமையாயின. 2009 வரை நீடித்த போர் தமிழ்க் கிராமங்களையும் சிதறடித்தது. இடம்பெயரும்போது வீடு மட்டுமா போகிறது? பழங்கதை சொல்லும் முற்றமும் போய்விடுகிறது.

இன்று கருவி எல்லார் கையிலும் உண்டு. பார்வை மாறியதா என்பதே கேள்வி. அந்தமானில் உணவுக்காக ஜாரவா பெண்களை ஆடச்செய்து எடுத்த காணொளி 2012இல் வெளியாகி உலகையே தலைகுனிய வைத்தது. நம் கரைகளில் சங்கு குளிப்பவரையும் கரைவலை இழுப்பவரையும் படமெடுக்கும் நாமும், அவர்களது சம்மதத்தைக் கேட்கிறோமா? பெயரைக் குறிக்கிறோமா? ஒரு பிரதியையேனும் கொடுக்கிறோமா?

செய்யக்கூடியது அரிதன்று. வெளிநாட்டு ஆவணக்காப்பகங்களிலுள்ள பழைய படங்களின் பிரதிகளை மன்னார்ப் பாடசாலைகளுக்கும் நூலகங்களுக்கும் கொண்டுவரலாம். முதியோரிடம் அவற்றைக் காட்டி, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்யலாம். நூலக நிறுவனம் போன்ற அமைப்புகள் இத்தகைய பணிக்கு வழிகாட்டியுள்ளன. பல்கலைக்கழகங்களும் பிரதேச செயலகங்களும் கைகொடுக்க வேண்டும்.

மாளிகையை இன்னும் சில காலம் கடல் விட்டுவைக்கலாம். முதியோரின் நினைவுக்கு அந்த அவகாசமும் இல்லை.