ராதாரிச் சீட்டும் சாதிச் சான்றிதழும்

தேனி மாவட்டக் கூடலூரில் விடியற்காலை ஜீப் ஏறி, லோயர் கேம்ப் தாண்டிக் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை இன்று யாரும் மறித்துச் சீட்டுக் கேட்பதில்லை. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் பிரமலைக் கள்ளர் குடும்பங்கள், பாட்டன் காலத்தில் நினைத்தபடி ஊர் தாண்ட முடிந்ததில்லை.

1911-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம், பிறந்த சாதியையே குற்றமாக எழுதிக்கொண்டது. ரேகைச் சட்டம் என்றுதான் ஊரில் பெயர். விரல்களில் மை தடவி உருட்டிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால், ராத்திரியானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூரில் சாவு விழுந்தாலும் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்காமல் கிளம்ப முடியாது. புதுமாப்பிள்ளையும் சாவடியில்தான் படுத்தான் என்பது இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு சொல்லும் கதை. ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மடிந்தார்கள். 1947-இல்தான் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை ஒழித்தது.

சாதி பார்த்து அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்று 1950-இல் அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு சொன்னது. அது மட்டும் போதுமா? சாதிவாரியாக இடம் ஒதுக்கிய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு கொதித்தது, ஜூனிலேயே முதல் திருத்தம் வந்து, பின்தங்கியோருக்குத் தனி ஏற்பாடு செய்ய வழிவிட்டது. இதற்கு நேர்மாறாக, கலிபோர்னியாவில் 1996-இல் வாக்கெடுப்பில் வென்ற மாநிலத் திருத்தம், அரசு வேலையிலும் கல்வியிலும் பாகுபாட்டையும் சலுகையையும் ஒன்றாகவே தடுத்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அரசே மிதித்துப் போட்டவனைத் தூக்கிவிடுவதும் பாகுபாடு என்றால், மிதித்ததற்கு யார் பொறுப்பு?

ரேகைச் சட்டக் காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்க்கலாம் என்று 2024-இல் நீதிபதி சந்துரு குழு பரிந்துரைத்தது. இந்தப் பக்கம் கடும் எதிர்ப்பு எழுந்தது. சாதிப் பெயர் போவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் விடுதியும் ஆசிரியர் இடங்களும் கரைந்துபோகக் கூடாது.

சான்றிதழ்ச் சிக்கலும் எளிதில் தீரவில்லை. குற்றப்பரம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்குச் சான்றிதழில் சீர்மரபினர் பழங்குடி என்றிருந்ததை 1979-இல் அரசாணை ‘சமூகம்’ என்று மாற்றியது. போராடிப் போராடி 2019-இல் கிடைத்தது இரட்டைச் சான்றிதழ்: மாநிலத்துக்குச் சமூகம், மத்திய அரசுக்குப் பழங்குடி. இரண்டுக்கும் பழங்குடி என்று ஒரே சான்றிதழாகக் கொடு என்ற கோரிக்கை அதன் பிறகும் எழுந்தது.