ஐஸ் கட்டியும் ஆட்டக்காரரும்

சடுகுடுப் பந்தயத்தில் ஒரு வாலிபன் கணுக்கால் பிசகி விழுகிறான். ஒருவர் புட்டியுடன் ஓடிவந்து குளிர்ந்த மருந்தைப் பீச்சுகிறார். வலி அடங்குகிறது. ஜனங்கள் கரகோஷம் செய்ய, வாலிபன் மறுபடியும் களத்தில் இறங்குகிறான். இத்தகைய காட்சிகள் நமது ஜில்லாக்களில் சகஜமாகிவிட்டன. அந்தக் கரகோஷத்தில் கலந்துகொள்ள நம்மால் இயலவில்லை.

இவ்விதப் புட்டிகளில் நெடுங்காலமாக உபயோகிக்கப்பட்டு வருவது எத்தில் குளோரைடு என்னும் திரவம். 12 டிகிரி உஷ்ணத்திலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். ஆவியாகும்போது தோலின் சூட்டைக் கவர்ந்து செல்கிறது. தோல் மரத்துப்போகிறது. உள்ளே எலும்புகளைப் பிணைக்கும் நார் அறுந்திருந்தால், அது அறுந்தபடியேதான் இருக்கிறது. வலி என்பது தேகத்தின் காவற்காரன். காவற்காரனை மயக்கிவிட்டுத் திருடன் போய்விட்டான் என்று மகிழ்வதற்கும் இதற்கும் என்ன பேதம் என்று கேட்கிறோம்.

ஐஸ் சிகிச்சை விளையாட்டு மைதானங்களில் வேதவாக்காக விளங்கியதற்கு முக்கிய காரணஸ்தர் அமெரிக்க வைத்தியரான டாக்டர் கேப் மிர்கின். 1978-ம் வருஷத்தில் வெளிவந்த தமது நூலில், ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் அவர் விதித்தார். இவற்றின் ஆங்கில முதலெழுத்துக்களைச் சேர்த்தால் அரிசி என்று பொருள்படும் 'ரைஸ்' என்ற சொல் கிடைக்கிறது. மனத்தில் எளிதில் பதிந்ததனாலேயே அது உலகமெங்கும் பரவியது போலும்! முன்னொரு காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் பிரதேசத்திலிருந்து ஐஸ் கட்டிகள் கப்பலேறிச் சென்னைக்கு வந்தன. அவற்றைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் கடற்கரையில் நிற்கிறது. பிற்காலத்தில் ஐஸ் சாஸ்திரமும் அந்நாட்டிலிருந்தே வந்தது.

ஆனால் அந்த வைத்தியரே 2014-ம் வருஷத்தில் தமது விதியைத் திருத்திக்கொண்டார். ஐஸும் பூரண ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பகிரங்கமாக எழுதினார். அவர் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. அடிபட்ட இடம் வீங்கிச் சிவப்பதை நாம் பகையாகக் கருதுகிறோம்; உண்மையில் பழுது பார்க்கும் அணுக்களை ரத்தம் அங்கே கொண்டு சேர்க்கும் வேலையே அது. குளிர்ச்சி ரத்தக் குழாய்களைச் சுருக்கி அவ்வேலையைத் தடுக்கிறது. 2011-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் எலிகளின் நசுங்கிய தசையில் ஐஸ் வைத்துப் பார்த்தபோது, தசை புதிதாக வளர்வது தாமதப்பட்டது. எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் அப்படியே நேரும் என்று சாதிக்க நாம் துணியோம். எனினும் குருவே மாற்றிக்கொண்ட பாடத்தைச் சீடர்கள் இன்னும் ஒப்பித்துக் கொண்டிருப்பது விந்தையே.

ஐஸை அடியோடு ஒதுக்கவேண்டுமென்பது நமது அபிப்பிராயமன்று. அடிபட்ட முதற் சில மணி நேரத்தில் வலி பொறுக்கமுடியாதவனுக்கு, துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வைப்பதில் குற்றமில்லை. வெறுந்தோலில் வைத்தால் தோல் வெந்தது போலாகும். முழங்காலின் வெளிப்புறத்தில் தோலுக்கு மிக அருகே ஒரு நரம்பு ஓடுகிறது; அங்கே நெடுநேரம் ஐஸைக் கட்டிவைத்ததால் பாதத்தைத் தூக்கமுடியாமல் போனவர்களும் உண்டு. கணுக்காலில் அடிபட்டவன் நான்கு அடி நடக்க இயலாதவனாயின், அவனுக்கு வேண்டியது எக்ஸ்ரே படம், புட்டியன்று.

இவையெல்லாம் தெரிந்த ஒருவர் மைதானத்தில் இருக்கவேண்டும். 'இவன் இன்று ஆடக்கூடாது' என்று அவர் சொன்னால், தலைவரானாலும் பரிசளிக்கும் தனவந்தரானாலும் கீழ்ப்படியவேண்டும். சடுகுடு ஆடுவோரிற் பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். விளையாட்டினால் ஒரு போலீஸ் வேலையோ ரயில்வே வேலையோ கிடைக்காதா என்று ஏங்குபவர்கள். அவர்களுடைய முதலெல்லாம் முழங்காலே. ஒரு மாலை நேர வெற்றிக்காக அம்முதலை அழிக்க எவருக்கும் உரிமையில்லை.

தேகாப்பியாசம் முடிந்ததும் ஐஸ் நீரில் அமரும் வழக்கமும் இப்போது வாலிபரிடையே பரவி வருகிறது. 12 வாரம் பளு தூக்கிப் பயின்றவர்களை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட முடிவின்படி, ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் பத்து நிமிஷம் குளிர்நீரில் அமர்ந்தவர்களின் தசை, மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே வளர்ந்தது. பலத்தை நாடுவோர் பணம் கொடுத்துப் பலத்தைக் குறைத்துக்கொள்வானேன்?

குளிர்நீர் உயிரையே காக்கும் இடம் ஒன்று உண்டு. அங்கேதான் அதை நாம் மறந்துவிடுகிறோம். வெயிலில் நெடுந்தூரம் ஓடுபவனுடைய உடல் உஷ்ணம் 40 டிகிரிக்கு மேல் ஏறிப் புத்தி தடுமாறினால், அரைமணி நேரத்துக்குள் அவனைக் குளிரவைத்தாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது அதற்குப் பின்பே. அமெரிக்காவின் பால்மத் நகரில் கோடைக்காலத்தில் நடைபெறும் ஓட்டப் பந்தயத்தில், 18 வருஷங்களில் இவ்வாறு விழுந்த 274 பேரை ஐஸ் நீர்த் தொட்டியில் அமிழ்த்தினார்கள், ஒருவர்கூட இறக்கவில்லை. சென்னையிலும் மதுரையிலும் ஆயிரக்கணக்கானோரைத் தெருவில் ஓடவிடும் கனவான்கள், பந்தயம் முடியுமிடத்தில் ஒரு தொட்டியும் சில ஐஸ் பாறைகளும் வைத்தபின்னரே ஓட்டத்தைத் தொடங்கவேண்டும். அனுமதி வழங்கும் அதிகாரிகளும் அதைக் கண்ணால் பார்த்தபின் கையெழுத்திடுவார்களாக.