கோரே தீவும் கிளிஞ்சல் தீவும்

ஆப்பிரிக்கக் கண்டத்தின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் பெருங்கடலின் கரையில் அமைந்த நாடு செனகல். 1960ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சியினின்று விடுதலை பெற்ற இந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து பேர் இசுலாமியர். கிறிஸ்தவர் மிகச் சிலரே. அவர்களிலும் பெரும்பாலோர் கத்தோலிக்கர். இந்நாட்டிற்குச் செல்லும் கத்தோலிக்கப் பயணி, வேறெதைப் பார்த்தாலும் பாராவிடினும், இரு சிறு தீவுகளைப் பாராமல் திரும்பலாகாது.

தலைநகராகிய டக்காரிலிருந்து படகேறினால் இருபது நிமிடங்களில் கோரே தீவை அடையலாம். ஒரு கிலோமீட்டர் நீளங்கூட இல்லாத தீவு. மோட்டார் வண்டிகளின் இரைச்சல் இல்லை. காவியும் மஞ்சளும் பூசிய பழைய வீடுகள். மதில்கள்மேல் படர்ந்த காகிதப்பூக் கொடிகள். கண்ணுக்கு இத்துணை இனிய இடம் நெஞ்சுக்கு எத்துணைக் கொடியது என்பதை, 'அடிமைகள் இல்லம்' எனப்படும் வீட்டினுள் நுழைந்தால்தான் உணர்கிறோம். 1776ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட வீடு அது. குதிரை இலாடம் போல் வளைந்த படிக்கட்டின் மேலே வணிகர் வாழும் காற்றோட்டமான அறைகள்; கீழே இருண்ட சிற்றறைகள். அவற்றின் நடுவே ஒரு நடை, அதன் முடிவில் கடலைப் பார்த்துத் திறக்கும் ஒரு வாயில். 'திரும்பி வராத வாயில்' என்று அதற்குப் பெயர்.

இவ்வீட்டின் வழியே சென்றவர் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகின்றனர். கோரேயைவிட வேறு துறைமுகங்களிலிருந்தே மிகப் பலர் ஏற்றப்பட்டனர் என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. நான்கு நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து கப்பலேற்றப்பட்டோர் சுமார் 1 கோடியே 25 இலட்சம் பேர். உயிரோடு அக்கரை சேர்ந்தோர் அதனினும் பல இலட்சம் குறைவு. ஒரு வீட்டின் கணக்கு குறைந்தால் பாவத்தின் கணக்கு குறைந்துவிடுமா?

விற்றோரும் வாங்கினோரும் யார் என்ற கேள்விதான் நம்மை வதைப்பது. 1444இல் இங்கே முதலில் வந்த போர்த்துக்கீசியர் கத்தோலிக்கர். பின்னர் நெடுங்காலம் ஆண்ட பிரெஞ்சுக்காரரும் கத்தோலிக்கர். ஞாயிறுதோறும் பூசை கண்டவர்களே மற்ற நாள்களில் மனிதரை விலை பேசினார்கள். 1992ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இத்தீவுக்கு வந்தார். அவ்வாயிலருகே நின்று செபித்தார். திருமுழுக்குப் பெற்றும் தங்கள் விசுவாசத்தின்படி வாழாத மனிதரின் குற்றத்தை மறைக்காமல் எடுத்துரைத்து, விண்ணகத்தின் மன்னிப்பை மன்றாடினார். திருச்சபையின் பெருமையைப் பேசும் இடங்கள் உலகில் பல உண்டு. இவ்வாறு அதன் தலைவர் மன்னிப்புக் கேட்ட இடத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமா?

செனகலின் வடக்கே உள்ள பழைய பிரெஞ்சு நகரம் சேன் லூயி. அங்கே சென்றால் தமிழ்நாட்டுக் கரையின் நினைவு வராமற் போகாது. அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி புதுவையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஏராளமாய்ச் சென்றது. செனகல் ஆற்றங்கரையில் வேலம்பிசின் வாங்குவதற்கு அத்துணியே நாணயமாய் விளங்கியது. அதற்கு முந்திய நூற்றாண்டிலோ, சோழமண்டலக் கரையின் துணிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கே மாற்றுப் பொருளாயின. நெய்தவர் அறியார், ஆயினும் நூல் அங்கே வரை நீண்டிருந்தது.

அதே கடல்வழியில் வேறொரு நூலும் ஓடியது. குளூனி சூசையப்பர் சபையைத் தோற்றுவித்த அன்னை அன்ன மரியா ஜவுகே, 1819இல் தம் கன்னியரைச் சேன் லூயிக்கு அனுப்பினார். பின்னர்த் தாமும் சென்றார். 1827இல் அச்சபைக் கன்னியர் புதுவைக்கு வந்தனர். ஆப்பிரிக்க இளைஞரையும் குருக்களாக்க வேண்டுமென்று அவர் பிரான்சுக்கு அனுப்பிப் படிக்கவைத்தவர்களுள் மூவர் 1840இல் குருப்பட்டம் பெற்றனர். கறுப்பரை மனிதராய்க் கருதாத காலத்தில் இதைச் செய்ய எத்துணைத் துணிவு வேண்டும்!

டக்காருக்குத் தெற்கே கடற்கரையோரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாய்ச் சென்றால் ஜோவால். வழியில் பொப்பாங்கின் என்ற ஊரில், 1888 முதல் பெந்தகோஸ்து விழாவை ஒட்டித் திரளான மக்கள் கால்நடையாய்த் திருயாத்திரை வரும் தேவமாதா திருத்தலம் உண்டு. ஜோவாலில்தான் 1906இல் லெயோபோல்ட் செடார் செங்கோர் பிறந்தார். குருவாக விரும்பிக் குருமடத்தில் சேர்ந்து, அது தம் வழியன்று என்று திருப்பி அனுப்பப்பட்ட அவர், பின்னர்ப் பெருங்கவிஞராய், விடுதலை பெற்ற செனகலின் முதற் குடியரசுத் தலைவராய் விளங்கினார். இசுலாமியர் மிகுந்த நாடு, ஒரு கத்தோலிக்கரை இருபது ஆண்டுகள் தலைவராக ஏற்றது. 1980இன் இறுதியில் அவர் தாமாகவே பதவி விலகினார். அதுவும் அரிய செய்திதான்.

ஜோவாலிலிருந்து நீண்ட மரப்பாலத்தைக் கடந்தால் ஃபாதியூத். இது மண்ணால் ஆன தீவன்று, கிளிஞ்சலால் ஆனது. தலைமுறை தலைமுறையாய்ப் பெண்கள் உப்பங்கழியில் பொறுக்கி, சதையை எடுத்துவிட்டுக் கொட்டிய ஓடுகளே தரையாயின. நடந்தால் காலடியில் நொறுநொறுவென்கிறது. கத்தோலிக்கர் பெரும்பான்மையாய் வாழும் ஊர். கோயில் நம் சவேரியார் பெயரால் விளங்குகிறது. சிறுபான்மையினரான இசுலாமியருக்கு மசூதியும் உண்டு. தானியக் களஞ்சியங்கள், நெருப்புக்கும் எலிக்கும் அஞ்சி, நீரில் கால்கள் ஊன்றித் தனியே நிற்கின்றன.

மற்றொரு பாலம் கல்லறைத் தீவுக்குச் செல்கிறது. அதுவும் வெண்கிளிஞ்சல் மேடே. பெருத்த அடிமரம் கொண்ட பாவோபாப் மரங்களிடையே சிலுவைகள் எழுந்து நிற்க, அதே மேட்டில் இசுலாமியரின் கல்லறைகள் மக்காவை நோக்கிக் கிடக்கின்றன. சாதிக்கொரு கல்லறைத் தோட்டமும், இடையே சுவரும் கட்டிக்கொண்ட கிறிஸ்தவர்கள் இதைச் சென்று பார்த்தால் நலம்.

இந்த அயலன்பு சாவில் மட்டும் காணப்படுவதன்று. பக்ரீத் திருநாளில் இசுலாமியர் இறைச்சியைக் கிறிஸ்தவ அண்டை வீட்டாருக்கு அனுப்புகின்றனர். பெரிய வெள்ளியன்றோ கிறிஸ்தவத் தாய்மார் 'ங்கலாக்' என்னும் கூழைப் பெரிய பாத்திரங்களில் செய்கின்றனர். கம்பு மாவை உருட்டி வேகவைத்து, நிலக்கடலை விழுதும் பாவோபாப் பழத்தின் புளிப்புக் கூழும் சர்க்கரையும் சேர்த்துக் கரைப்பது அது. மாலையானதும் பிள்ளைகள் அதை மூடிய பாத்திரங்களில் ஏந்தி, தெருவிலுள்ள இசுலாமியர் வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.