காணாத நாய்களை எண்ணுவது எப்படி?

சென்னையில் எத்தனை தெருநாய்கள் இருக்கின்றன? விளையாட்டுக் கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் இதற்கு விடை தெரியாமல் ரேபீஸ் எனப்படும் வெறிநோயை ஒழிக்க முடியாது. அந்நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் மனிதர் பிழைப்பது மிக மிக அரிது. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதில் 70 விழுக்காடு? அங்கேதான் சிக்கல். 42,000 நாய்களுக்கு ஊசி போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60,000 என்றால் வேலை முடிந்தது. 1,80,000 என்றால் நாய்களில் கால் பங்குக்குக்கூட ஊசி போடவில்லை! இவ்விரு எண்களும் வெறும் கற்பனையல்ல. சென்னையில் 2018-ல் எடுத்த கணக்கு 60,000-க்குச் சற்றுக் குறைவாகவும், 2024-ல் எடுத்தது ஏறத்தாழ 1,80,000 ஆகவும் இருந்தன. இந்த வேறுபாட்டில் நாய்கள் பெருகியதால் வந்தது எவ்வளவு, எண்ணிய முறையால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

ஏன், நேராக எண்ணிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். மயிலாப்பூர் மாடவீதிகளையும் அவற்றை ஒட்டிய சந்துகளையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஒரு சுற்று வந்தால் முப்பது நாய்கள் கண்ணில் படலாம். காருக்கு அடியில் தூங்குவதும், திண்ணைக்குப் பின்னால் படுத்திருப்பதும் கணக்கில் வராது. மறுநாளும் போனால் பார்த்ததையே மீண்டும் பார்ப்போம். இப்படித் திரும்பவும் பார்ப்பதுதான் தொல்லை என்று நமக்குத் தோன்றும். உண்மையில் காணாத நாய்களைப் பற்றித் துப்புக் கொடுப்பதே அதுதான்.

முதல் நாள் 30 நாய்களைப் பார்த்து, ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்து வைக்கிறோம். இரண்டாம் நாள் 28 கண்ணில் படுகின்றன. படங்களோடு ஒப்பிட்டால் 12 பழையவை, 16 புதியவை. (இந்த எண்கள் மட்டும் விளக்கத்துக்காக நான் எழுதியவை.) இன்று பார்த்த 28-ல் 12 பழையவை என்றால், மொத்தத்திலும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் அந்த 30 கலந்திருக்க வேண்டும். ஆகவே மொத்தம் = 30 × 28 ÷ 12 = 70. அவ்வளவுதான்! ஐந்தாம் வகுப்பு விகிதக் கணக்கு. டென்மார்க்கு நாட்டு விஞ்ஞானி பீட்டர்சன், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மீன்களுக்கு அடையாளம் கட்டிக் கடலில் விட்டார். அவர் பெயரால் இம்முறை இன்றும் வழங்குகிறது. தமிழில் பிடி–மறுபிடி முறை எனலாம்.

ஆனால் 12 என்பது சிறிய எண். தற்செயலாக அது 9 ஆகியிருந்தால் விடை 93. 16 ஆகியிருந்தால் 53. இயற்பியலில் கதிரியக்கத்தை அளக்கும்போது நாங்கள் பயன்படுத்தும் ஒரு கரடுமுரடான விதி இங்கும் உதவும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 1-ஐ வகுத்தால் பிழையின் அளவு தோராயமாகக் கிடைக்கும். 12-க்கு அது ஏறத்தாழ 29 விழுக்காடு. தடுப்பூசிக்குத் திட்டம் போட இது போதாது.

ஆகவே மூன்றாம் நாளும் போகிறோம். இப்போது நம்மிடம் 46 படங்கள். பார்த்தவை 32, அவற்றில் பழையவை 20. நான்காம் நாள் கையில் 58 படங்கள். பார்த்தவை 30, பழையவை 25. இவற்றைத் தனித்தனியே கணக்கிட்டுச் சராசரி எடுப்பதைவிட நல்ல வழி ஒன்றை 1938-ல் ஸோயி ஷ்னாபெல் என்ற அமெரிக்கப் பெண்மணி வெளியிட்டார். அவர் எடுத்துக்கொண்டது ஏரி மீன்களை. ஒவ்வொரு நாளும் படங்களின் எண்ணிக்கையை அன்று பார்த்த எண்ணிக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பழையவற்றின் மொத்தக் கூட்டலால் வகுக்க வேண்டும். 840 + 1,472 + 1,740 = 4,052. பழையவை 12 + 20 + 25 = 57. வகுத்தால் 71. பிழை இப்போது சுமார் 13 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. இதுவரை நாம் படமெடுத்த நாய்கள் 63. அப்படியானால் நான்கு நாளும் நம் கண்ணில் படாத நாய்கள் இன்னும் எட்டு இருக்கலாம்!

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எத்தனை நாள் சுற்றுவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியதில்லை. பத்து விழுக்காட்டுப் பிழை போதுமென்றால், பழைய முகங்களைச் சந்தித்த கணக்கு 100 ஆகும்வரை சுற்றலாம். நாய்கள் குறைவான தெருவில் அது விரைவில் வந்துவிடும். நிறைந்த தெருவில் தாமதமாகும். எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை நாய்களே சொல்லிவிடுகின்றன.

கணக்கு எளிது, நாய்தான் எளிதல்ல. எல்லா நாய்களும் கண்ணில் படும் வாய்ப்புச் சமம் என்று எடுத்துக்கொண்டோம். டீக்கடை வாசலில் பிஸ்கட்டுக்காகக் காத்திருக்கும் நாய் தினமும் தவறாமல் கணக்கில் வரும். அதனால் பழையவை கூடி, விடை உண்மையைவிடக் குறைந்துவிடும். வலைபோட்டுப் பிடித்து ஊசி குத்திய நாயோ, வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிவிடும். பழையவை குறைந்து, விடை கூடிவிடும். அடையாளத்துக்குப் பூசிய சாயம் மழையில் கரைந்தாலும் இதே கதிதான். கருத்தடை செய்த நாயின் காதில் இடும் வெட்டு அழியாது. ஆனால் எல்லா வெட்டும் ஒன்றுபோல இருப்பதால், எந்த நாய் என்று சொல்லாது. இந்த வகையில் புகைப்படம் எவ்வளவோ மேல். நான்கு நாளுக்குள் முடிப்பதும் காரணத்தோடுதான். மாதக்கணக்கில் இழுத்தால் குட்டிகள் பிறக்கும், சில இறக்கும், லஸ் பக்கத்து நாய்கள் எல்லை தாண்டி வரும்.

அடையாளமே போடாமல் இயற்கை போட்டுவைத்த அடையாளத்தைப் பயன்படுத்தியவர் உல்லாஸ் கரந்த். புலியின் வரிகள் நம் கைரேகை போல ஒன்றுக்கொன்று வேறுபடும். கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் தானியங்கிக் காமிராக்களை வைத்து, பிடி–மறுபிடி கணக்கைப் புலிகளுக்குப் பொருத்தி 1995-ல் கட்டுரை வெளியிட்டார். முதுமலை உட்பட நாட்டின் புலிக் காடுகளில் காமிராப் படங்களைக் கொண்டு கணக்கெடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது.

நீங்கள் காட்டுக்குப் போக வேண்டாம். தெருநாயிடமும் போக வேண்டாம், கடித்து வைக்கும். ஒரு பாத்திரத்தில் இரண்டு கைப்பிடி புளியங்கொட்டைகளைப் போடுங்கள், எண்ணாமல். கண்ணை மூடி இருபதை எடுத்துச் சுண்ணாம்பால் புள்ளி வைத்து, காய்ந்ததும் திரும்பப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மறுபடி இருபது எடுங்கள்; புள்ளி உள்ளவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டு, இல்லாதவற்றுக்குப் புள்ளி வையுங்கள். ஐந்து சுற்றுக்குப் பின் ஷ்னாபெல் கணக்கைப் போட்டுவிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்து எண்ணிப் பாருங்கள். பிறகு குலுக்காமலேயே மேலாக எடுத்து இதே சோதனையைச் செய்யுங்கள். விடை எந்தப் பக்கம் சாய்கிறது, டீக்கடை நாயின் பக்கமா, ஊசிக்குப் பயந்த நாயின் பக்கமா?