பொம்மைக் கார் ஏன் பொடியாகிறது?

குழந்தைகளின் ஹாட் வீல்ஸ் காரைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருவத்துக்கு மீறிய கனம்! அது இரும்பு இல்லை. துத்தநாகத்தில் சுமார் 4 சதவிகிதம் அலுமினியம் கலந்த ‘ஸமாக்’. 1929-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஸிங்க் நிறுவனம் உருவாக்கியது.

அலுமினியம் உருக 660 டிகிரி செல்சியஸ் வேண்டும், பித்தளைக்கு 900 சொச்சம். ஸமாக் 390-க்குள் உருகிவிடும். சிறு பட்டறைகளுக்கு வேறென்ன வேண்டும்? மணல் அச்சில் வார்ப்பவர்களுக்கு 11 சதவிகித அலுமினியம் உள்ள ‘இசட்.ஏ-12’ இன்னும் தோது. புஷ், பேரிங்கூடச் செய்யலாம். சூட்டை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. வெண்புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல்தான்.

நிஜமான வில்லன் ஈயம். காரீயமோ, ரசச் சொம்பின் வெள்ளீயமோ துளி கலந்தாலும் போச்சு. வார்க்கும்போது ஒன்றும் தெரியாது, பளபளவென்றுதான் இருக்கும். வருடங்கள் போகப் போக, ஈரக்காற்று பட்டு உள்ளுக்குள் அரித்து, உப்பி, வெடித்து உதிரும். 1930-களின் டிங்கி பொம்மைக் கார்கள் பல, சேகரித்தவர்களின் அலமாரியிலேயே இப்படி நொறுங்கின. இதற்கு வைத்தியமே கிடையாது.

எனவே, 99.99 சதவிகிதச் சுத்தத் துத்தநாகமாகக் கேட்டு வாங்குங்கள். ஈயப்பற்று ஒட்டிய பழைய சாமான் எதையும் மூசையில் போடாதீர்கள்.