உங்கள் பிள்ளைகள் கேட்கும்போது

மட்டாஞ்சேரி பஜார் சாலையில், சுக்கும் மிளகும் மணக்கும் பண்டகசாலை ஒன்றில் கணக்கு எழுதுகிற சகோதரர் ஒருவர் எங்கள் சபைக்கு வருகிறார். அவருடைய மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். உடன் படிக்கும் பிள்ளை ஒருத்தி, "உங்கள் சபையில் ஏன் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறதில்லை?" என்று கேட்டுவிட்டாள். மகள் வீட்டுக்கு வந்து தகப்பனிடம் அதையே கேட்டாள். "பாஸ்டர் ஐயாவைக் கேட்டுச் சொல்லுகிறேன் அம்மா" என்று அவர் சொல்லியிருக்கிறார். இருபது ஆண்டு விசுவாசி. உபவாச ஜெபத்தை ஒருநாளும் தவறவிடாதவர். "ஐயா, எனக்கு அனுபவம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல வார்த்தைதான் இல்லை" என்று என்னிடத்தில் சொன்னபோது அவருடைய குரல் தழுதழுத்தது.

பிரியமானவர்களே, நம்மில் அநேகருடைய வீட்டு நிலை இதுதான். பிள்ளைகள் கேட்கும்போது சொல்லுங்கள் என்று யோசுவாவின் நாட்களிலேயே இஸ்ரவேலருக்குக் கட்டளையிருந்தது. சொல்லுவதற்கு நாம் ஆயத்தமாயிருக்கிறோமா?

ஆச்சரியம் என்னவென்றால், விசுவாசத்தைக் கேள்வியும் பதிலுமாகத் தமிழில் கற்பிக்கும் புத்தகம் ஒன்று இதே கொச்சியில்தான் அச்சிடப்பட்டது. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கச் சிறுநூலும், 1579-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' என்ற பெரிய நூலும் வெளிவந்தன. இரண்டும் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊழியம் செய்த ஹென்றிக்கஸ் பாதிரியாரின் தமிழ். அவை ரோமச் சபையின் உபதேச நூல்கள். பலவற்றில் நமக்கு உடன்பாடில்லை. ஆனாலும் தமிழ் அச்செழுத்தின் தொடக்கமே ஞானோபதேச வினாவிடைதான் என்பதை நாம் மறக்கலாகாது.

அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன், 1563-இல், ஜெர்மனி தேசத்தின் ஹைடல்பர்க் பட்டணத்தில் வேறொரு வினாவிடை பிறந்தது. அதை உருவாக்கியதில் முக்கிய பங்குடையவராகக் கூறப்படும் சகரியாஸ் உர்சினுஸ், காஸ்பர் ஒலிவியானுஸ் இருவரும் முப்பது வயதை எட்டாத வாலிபர்கள். 129 கேள்விகள். ஆண்டின் 52 ஓய்வுநாட்களுக்கும் அவற்றைப் பகிர்ந்து வைத்தார்கள். மனிதனுடைய பாவநிலை, கிறிஸ்துவினால் வரும் மீட்பு, மீட்கப்பட்டவன் செலுத்தும் நன்றி என்று மூன்று பகுதிகள். ரோமர் நிருபத்தை ஊன்றிப் படித்தவர்களுக்கு இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்று விளங்கும். அப்போஸ்தலருடைய விசுவாசப் பிரமாணமும் பத்துக் கற்பனைகளும் கர்த்தருடைய ஜெபமும் இதில் ஒவ்வொரு வரியாக விளக்கப்படுகின்றன. முதல் கேள்வி தேவன் யார் என்பதல்ல. வாழ்விலும் சாவிலும் உனக்கு ஆறுதல் எது என்பதே. வாடகை வீட்டில், ஊரைவிட்டு வந்து, மாதக்கடைசியை எண்ணிக்கொண்டு வாழ்கிற நமக்கு இதைவிட நெருக்கமான கேள்வி உண்டோ? 1618-19-இல் கூடிய டோர்ட் ஆலோசனைச் சங்கம், ஞாயிறு பிற்பகல்தோறும் இந்நூலைக்கொண்டு பிரசங்கிக்கவேண்டும் என்று ஏற்படுத்தியது.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1663-இல், அந்தச் சபையைச் சேர்ந்த ஒல்லாந்தர் கொச்சியைப் பிடித்தார்கள். கோட்டைக் கொச்சியின் புனித பிரான்சிஸ் ஆலயம் சீர்திருத்தச் சபையின் ஆலயமாயிற்று. 1779-இல் அதைப் புதுப்பித்த கல்வெட்டு இன்றும் வாசலில் இருக்கிறது. வாஸ்கோ ட காமாவின் கல்லறை இடத்தைப் பார்க்க வருகிறவர்கள் அதைக் கவனிக்காமலே உள்ளே போகிறார்கள். 1751 முதல் 1804 வரையுள்ள ஞானஸ்நான, விவாகப் பதிவேடும் அந்த ஆலயத்தில் பேணப்பட்டது. இங்கே போதகராயிருந்த கசேரியுஸ், வான் ரீட் என்ற தளபதியின் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் மூலிகைப் பெருநூலுக்கு லத்தீனில் உதவினார். மலையாள நாட்டின் செடிகொடிகளுக்குப் பன்னிரண்டு பெரிய பாகங்கள் கிடைத்தன. மலையாள நாட்டின் மனிதருக்கு அவர்கள் மொழியில் ஒரு சிறிய வினாவிடையாவது ஒல்லாந்தர் இங்கே அச்சிட்டார்களா என்றால், இல்லை. சபை பெரும்பாலும் கம்பெனியாரும் அவர்கள் குடும்பத்தாருமாகவே இருந்தது. 1795-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1804-இல் ஆலயமே ஆங்கிலிக்கன் சபைக்குக் கைமாறிப்போயிற்று. உயர்ந்த உபதேசம் நூற்று நாற்பது ஆண்டு ஒரே ஊரில் இருந்தும், ஊராருக்குள் வேர்கொள்ளவில்லை.

இலங்கையில் கதை வேறு. யாழ்ப்பாணத்தில் பால்தேயுஸ் என்ற போதகர் தமிழ் கற்றார். 1672-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய நூலில் தமிழ் எழுத்துக்களே செதுக்கி அச்சிடப்பட்டிருக்கின்றன. கொழும்பில் அச்சுக்கூடம் வந்தது. பிலிப் தெ மெல்லோ என்ற சுதேசப் போதகர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759-இல் வெளியாயிற்று. புத்தகம் இருந்தது, மொழியும் இருந்தது. ஆனால் அரசாங்க உத்தியோகத்துக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று வைத்துவிட்டார்கள்! வேலைக்காகப் பதில்களை மனப்பாடம் பண்ணினவர்கள், 1796-இல் ஆட்சி மாறினபின்பு திரளாய் விலகிப்போனார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் என்னை மிகவும் தொட்டவர் ஜோவோ பெரெய்ரா தெ அல்மெய்தா. போர்ச்சுக்கல் தேசத்தவர், பதினான்கு வயதில் மலாக்காவில் சீர்திருத்த விசுவாசத்துக்கு வந்தார். நம்முடைய தூத்துக்குடியிலும் சிறிதுகாலம் ஊழியம் செய்தார். கோவாவில் மதவிசாரணைக்காரர் அவருடைய உருவத்தைச் செய்து எரித்தார்கள். அவருடைய போர்த்துக்கீசியப் புதிய ஏற்பாடு 1681-இல் அச்சாயிற்று. பழைய ஏற்பாட்டில் எசேக்கியேலின் கடைசி அதிகாரத்தில் நிற்கும்போது, 1691-இல், அவர் மரித்தார். மீதியை வேறொருவர் முடித்தார். இன்று பிரேசில் தேசத்தில் இலட்சக்கணக்கான பெந்தெகொஸ்தே விசுவாசிகள் கையில் பிடித்திருப்பது, பலமுறை திருத்தப்பட்ட அந்த அல்மெய்தா வேதாகமமே. சீர்திருத்தச் சபைப் போதகரின் உழைப்பை ஆவியின் நிறைவைத் தேடுகிறவர்கள் சுதந்தரித்திருக்கிறார்கள்.

"நமக்கு ஏன் கல்வினுடைய கூட்டத்தாரின் புத்தகம்?" என்று சில ஊழியர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஹைடல்பர்க் வினாவிடையின் 74-ஆவது கேள்வி குழந்தை ஞானஸ்நானத்தை ஆதரிக்கிறது. பரிசுத்த ஆவியானவரை நேரடியாகப்பற்றிய கேள்வி ஒன்றே ஒன்று, 53-ஆவது. வரங்களைப்பற்றி நாம் எதிர்பார்ப்பது அதில் இல்லை. இதை மறைத்து அப்புத்தகத்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது. ஆனால் நம் அலமாரிகளைப் பாருங்கள். 'மோட்சப் பிரயாணம்' எழுதிய பனியன் யார்? ஸ்பர்ஜன் யார்? இருவரும் அந்த உபதேச மரபில் வந்தவர்கள்தாமே. பனியனின் கதையைத்தான் கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்று 1894-இல் காவியமாகத் தந்தார். ஸ்பர்ஜனும் 1855-இல் தன் சபையாருக்கு ஒரு வினாவிடையை வெளியிட்டார்; விசுவாசிகளுக்கே ஞானஸ்நானம் என்று அது போதிக்கிறது. பெரோயா பட்டணத்தாரைப்போல வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவனுக்குப் பயமில்லை. ஆவியானவரை அவித்துப்போடுவது புத்தகமல்ல, நம்முடைய சோம்பலே என்பது என் எண்ணம். லோவிசாளும் ஐனிக்கேயாளும் தீமோத்தேயுவுக்கு வீட்டில் வைத்தே கற்றுக்கொடுத்தார்கள், பாஸ்டருக்காகக் காத்திருக்கவில்லை.

அந்தச் சகோதரருக்கு ஆங்கிலப் பிரதியிலிருந்து சில கேள்விகளை எளிய தமிழில் எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை இரவு, சாப்பாட்டுக்குப்பின், அரைமணி நேரம். ஒரு தடை வந்தது. மகளுக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது, பள்ளியில் மலையாளம். தகப்பன் தமிழில் வாசிக்கிறார், அவள் மலையாள எழுத்தில் தமிழை எழுதிக்கொள்ளுகிறாள். ஒவ்வொரு பதிலுக்கும் வசனத்தைத் தேடுவது தாயாரின் வேலை. ஞானஸ்நானக் கேள்வி 27-ஆம் வாரத்தில் வருகிறது. அன்றைக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தையும் 16-ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹைடல்பர்க் பதிலையும் ஸ்பர்ஜன் பதிலையும் சேர்த்து வாசித்து, மகளே தீர்மானம் சொல்லவேண்டும் என்று பேசிவைத்திருக்கிறார்கள்.

நான் போனபோது அவர்கள் ஏழாம் வாரத்தில் இருந்தார்கள். மெய்யான விசுவாசம் என்றால் என்ன என்பது கேள்வி. நோட்டை வாங்கிப் பார்த்தேன். மலையாள எழுத்து எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். மகளே வாசித்துக் காட்டினாள். நடுவில் ஒரு சொல்லில் நிறுத்தி, "அப்பா, நம்பிக்கையும் அறிவும் ஒன்றா?" என்று கேட்டாள். அவர் இந்த முறை பாஸ்டரைக் கேட்டுச் சொல்லுகிறேன் என்று சொல்லவில்லை. "இரு, பார்ப்போம்" என்று வேதாகமத்தைத் திறந்தார்.